பிஸ்டனுக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர்

மெக்சிகோ சிட்டியில் கார் உதிரி பாகம் தேடுகிறவர்கள் கொலோனியா புவனோஸ் ஐரெஸ் பேட்டைக்குத்தான் போவார்கள். கதவு, பானெட், பம்பர், முகப்பு விளக்கு என்று காரின் உறுப்புகளெல்லாம் கடை வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டிருக்கும். அங்கே ஒரு கடையின் கவுண்டரில் ஓர் அட்டைப்பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே துடுப்புத் துடுப்பாகத் தகடு விரிந்த நான்கு வார்ப்பிரும்பு சிலிண்டர்கள், நான்கு அலுமினியப் பிஸ்டன்கள், ரிங் செட், பின்கள். 85.5 மி.மீ. போர். வாங்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவரிடம் 1980களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று இருக்கிறது. மெக்சிகோவில் அதற்குப் பெயர் வோச்சோ. என்ஜினைப் பிரித்துக் கட்டி, அதே காரில் மலையிறங்கி வெராக்ரூஸ் துறைமுகம் வரை போய் வருவது அவருடைய திட்டம். இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது. அதைவிட அதிகமாக, பயணத்துக்கு முன் ஒரு பட்டறை மேசையில் அளக்கப்பட்ட சில இடைவெளிகளைப் பற்றியது.

"புதுசுதானே மாஎஸ்த்ரா, அப்படியே மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார் கடைக்காரர். மாஎஸ்த்ரா என்றால் ஆசிரியை. வோச்சோவைப்போல் காற்றால் குளிரும் என்ஜின்கள் பலவற்றின் ஆயுளைக் குறைத்த வாக்கியம் கடைக்காரர் சொன்ன இதுவாகத்தான் இருக்கும்.

மெக்சிகோவுக்கு பீட்டில் 1954-இல் இறக்குமதியாகி வந்தது. 1967-இல் புவெப்லா நகரத்தை ஒட்டிய தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலை 1974-இலும் எம்டன் ஆலை 1978-இலும் இந்தக் காரைக் கைவிட்டன. புவெப்லா மட்டும் 2003 வரை விடவில்லை. தலைநகரின் டாக்சிகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் வோச்சோக்களே. இரண்டு கதவுதான் என்பதால் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு, பயணிகளைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அந்த டாக்சிகளுக்கான அனுமதி 2012 முடிவோடு முடிந்தது. ஆனால் நகரத்தின் வட எல்லையில் மலைச்சரிவைப் பிடித்தபடி வீடுகள் ஏறிக்கிடக்கும் குவாட்டெபெக்கில் வோச்சோ இன்னும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பகுதிக்கு வோச்சோலாந்தியா என்றே செல்லப்பெயர் உண்டு.

ஆசிரியையின் மெக்கானிக் பட்டறை அங்கேதான். பேட்டையை ஒட்டிப் போகும் மெட்ரோ மூன்றாம் தடத்திலேயே வடக்குக் கோடிவரை போனால் இந்தியோஸ் வெர்தெஸ் நிலையம். அங்கிருந்து 2021-இல் திறக்கப்பட்ட கேப்ளேபூஸ் என்ற கம்பிவடப் பெட்டியில் ஏறினால் கூரைகளுக்கு மேலாக குவாட்டெபெக் வந்துவிடும். கீழே பார்த்தால் கான்கிரீட் தெருக்கள் செங்குத்தாக ஏறுகின்றன. அவற்றில் முதல் கியரில் உறுமிக்கொண்டு போகும் வோச்சோக்களின் குரல் பெட்டிக்குள்ளேயே கேட்கிறது. என்ஜின் பின்னால் இருப்பதால் அதன் எடை முழுவதும் ஓட்டும் சக்கரங்கள்மேல் உட்காருகிறது. ஏற்றத்தில் டயர் வழுக்காமல் பிடிப்பதற்கு இதுதான் காரணம். வேறு எத்தனையோ கார்கள் வந்த பிறகும் இந்தத் தெருக்கள் இதை விடாததற்கும் இதுவே காரணம்.

மெக்கானிக் அட்டைப்பெட்டியை வாங்கியதும் எதையும் மாட்டவில்லை. நான்கு சிலிண்டரையும் நான்கு பிஸ்டனையும் துடைத்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். வெயிலில் வந்த அலுமினியமும் நிழலில் கிடந்த இரும்பும் ஒரே சூட்டுக்கு வரும்வரை அளப்பதில் பொருளில்லை. நூறில் ஒரு மில்லிமீட்டரைத் தேடும் வேலையில் பத்து டிகிரி வித்தியாசமே அளவைக் கெடுத்துவிடும்.

காற்றால் குளிரும் என்ஜினில் இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீர் ஓடும் என்ஜினில் சிலிண்டரின் சூட்டைத் தண்ணீர் ஓர் அளவுக்குள் கட்டிவைத்திருக்கும். வோச்சோவில் அந்தக் காவல் கிடையாது. விசிறி தள்ளும் காற்று மட்டுமே. ஏற்றத்தில் ஒரு சூடு, இறக்கத்தில் ஒரு சூடு, சிக்னலில் நிற்கும்போது இன்னொன்று. பிஸ்டனின் அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போதிய இடம் இல்லையென்றால் ஏதோ ஓர் ஏற்றத்தில் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். என்ஜின் சீஸ் ஆகிவிடும். இடம் அதிகமாக இருந்தால் பிஸ்டன் உள்ளே ஆடி அடிக்கும், ரிங்குகள் சரியாகப் படியாது, ஆயில் மேலேறி எரியும்.

இதற்குத் தொழிற்சாலை வைத்த அளவு 0.04 முதல் 0.06 மி.மீ. ஒரு தலைமுடிகூட நுழையச் சிரமப்படும் இடம். தேய்ந்து தேய்ந்து 0.2 மி.மீட்டரைத் தொட்டால் சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றிவிட வேண்டும்.

மெக்கானிக் திரும்பி வந்து மைக்ரோமீட்டரை எடுக்கிறார். பிஸ்டனை எங்கே வேண்டுமானாலும் பிடித்து அளந்துவிட முடியாது. அது மேலே சற்றுக் குறுகியும் குறுக்கே சற்று நீள்வட்டமாகவும் செய்யப்பட்டது. பின் துளைக்குச் செங்குத்தான திசையில், பாவாடை என்று சொல்லப்படும் கீழ்ப்பகுதியில் அளக்க வேண்டும். சிலிண்டரின் உள்விட்டத்தை மேல் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே எடுக்கிறார். மூன்று ஜோடியில் 0.05 வந்தது. நான்காவதில் 0.03.

அவர் பிஸ்டனின் தலையைத் திருப்பிக் காட்டினார். மூன்றில் நீலப் புள்ளி, இந்த ஒன்றில் பச்சை. பிஸ்டன்களை வார்த்து முடித்தபின் நுண்ணிய அளவு வேறுபாட்டின்படி நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று பிரிப்பது ஃபோக்ஸ்வேகனின் பழைய முறை. ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் நூறில் ஒரு மில்லிமீட்டர். நீலத்துக்குப் பச்சை இரண்டு படி பெரியது. நீலச் சிலிண்டருக்கு நீலப் பிஸ்டன்தான் ஜோடி. பெட்டி எங்கோ கைமாறும்போது ஒன்று கலந்துவிட்டிருக்கிறது. அப்படியே மாட்டியிருந்தால் என்ஜின் முதல் சாவித் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகியிருக்கும், நன்றாகவும் ஓடியிருக்கும், வெராக்ரூஸ் சாலையின் ஏதோ ஒரு வளைவு வரைக்கும்.

ஆசிரியை மறுபடி மூன்றாம் தடத்தில் ஏறி, பேட்டைக்குப் போய், நீலப் புள்ளிப் பிஸ்டனோடு திரும்பினார். எடையும் பார்க்கப்பட்டது. ஒரு செட்டில் கனமானதற்கும் இலேசானதற்கும் பத்து கிராமுக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. புதுச் செட்டில் ஐந்து.

ரிங்குகளின் வாய் இடைவெளியும் இதே பொறுமையைக் கேட்கும். ஒவ்வொரு ரிங்கையும் தனியே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனாலேயே தள்ளி நேராக உட்காரவைத்து, இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைக்க வேண்டும். மேலிரண்டு ரிங்குகளுக்கு 0.30 முதல் 0.45 மி.மீ. சூட்டில் ரிங் நீண்டு முனையோடு முனை முட்டினால் சிலிண்டர் சுவரைச் சுரண்டிவிடும். பன்னிரண்டு ரிங்கையும் இப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தவர் கட்டிய என்ஜினைக் குவாட்டெபெக் ஏற்றத்தில் தனியாக அடையாளம் கண்டுகொள்ளலாம். பின்னால் புகை இருக்காது.

இனி வருவதுதான் இந்த வேலையின் மையம். பிஸ்டன் தன் ஓட்டத்தின் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கும் சிலிண்டரின் மேல் விளிம்புக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. பட்டறைகளில் இதற்கு டெக் ஹைட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து. வேகமாகச் சுழலும்போது கனெக்டிங் ராடு இம்மியளவு நீளும், பேரிங்குகளில் இருக்கும் விளையாட்டும் சேரும். பிஸ்டன் ஹெட்டைத் தொட்டால் கதை முடிந்தது. ஒன்றரைக்கு மேலே கூடிக்கொண்டே போனால் கம்ப்ரஷன் இறங்கும், எரிதல் சோம்பலாகும், பெட்ரோல் வீணாகும்.

ரிங் மாட்டாத பிஸ்டனை ராடில் பொருத்தி, சிலிண்டரை உட்காரவைத்து, ஸ்டட்களில் வாஷர் அடுக்கி நட்டால் இறுக்கிப் பிடிக்கிறார் மெக்கானிக். இறுக்காமல் அளந்தால் வருவது பொய் அளவு. சிலிண்டரின் வாயில் ஒரு நேர்ப்பட்டை, அதன்மேல் டயல் கேஜ். கிராங்கை இப்படியும் அப்படியும் மெல்ல உருட்டி உச்சியைப் பிடிக்கிறார். முள்ளைப் பிஸ்டனின் ஓரத்தில் வைப்பதில்லை. பின் ஓடும் கோட்டுக்கு நேர்மேலே வைக்கிறார். அங்கேதான் பிஸ்டன் சாய்ந்து ஏமாற்றாது. இடப்பக்கம், வலப்பக்கம் நான்கையும் அளந்தாயிற்று: எல்லாம் 0.95-ஐ ஒட்டியே.

இந்த என்ஜினின் கேஸ் மக்னீசியக் கலவை. வருடக்கணக்கில் சிலிண்டர் உட்கார்ந்து அதிர்ந்து அந்த இருக்கையைத் தின்றுவிடும். முன்பு ஒருமுறை எங்கோ அதை லேத்தில் சீவிச் சமன் செய்திருக்கிறார்கள். சீவிய அளவுக்குச் சிலிண்டர் உள்ளே இறங்கிவிட்டது, இடைவெளி குறைந்துவிட்டது. தீர்வு, சிலிண்டரின் அடியில் ஒரு ஷிம். அரை மில்லிமீட்டர் வளையம் ஒன்று வைத்தால் 1.45. ஒரு பக்கத்து இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கனம் ஷிம் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஹெட் இரண்டின்மேலும் உட்காருகிறது.

அரை மில்லிமீட்டர் கம்ப்ரஷனை எவ்வளவு மாற்றும் என்பதை அவர் கணக்குப் போட்டே காட்டினார். 85.5 போர், 69 மி.மீ. ஸ்ட்ரோக்; ஒரு சிலிண்டருக்கு 396 சிசி. ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தகட்டால் மூடி, ப்யூரெட்டிலிருந்து திரவம் விட்டு அளந்தபோது எரியறை 50 சிசி. டெக் 0.95 என்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தரை சிசி, விகிதம் 8.1. டெக் 1.45 என்றால் எட்டேகால் சிசியைத் தாண்டும்; விகிதம் 7.8.

"8.1 இருந்தால் ஏற்றத்தில் இன்னும் நன்றாக இழுக்குமே, மாஎஸ்த்ரோ?" என்று ஆசிரியை கேட்டார். கைத்தொழில் தெரிந்தவரை அங்கே மாஎஸ்த்ரோ என்றுதான் அழைப்பார்கள்.

"இங்கே இழுக்கும் மாஎஸ்த்ரா. நீங்கள் கடலுக்கல்லவா போகிறீர்கள்" என்றார் அவர்.

இந்தப் பதிலில் ஊரின் பூகோளம் முழுவதும் இருக்கிறது. மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. எட்டுக்கு மேற்பட்ட விகிதத்தோடும் 87 ஆக்டேன் மாக்னா பெட்ரோலில் இங்கே என்ஜின் முனகாமல் ஓடும். வெராக்ரூஸில் காற்று அடர்த்தி. அதே கார்புரேட்டர், அதே ஜெட். காற்று மட்டும் கூடுவதால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறைகிறது. காய்ந்த கலவை, அதிக அழுத்தம், வெப்பநாட்டுச் சூடு மூன்றும் சேர்ந்தால் தீப்பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். அந்தத் தட்டல் சத்தத்தை ஓட்டுநர் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலை அரிபட்டு ஓட்டை விழும்.

டெக்கை ஒரு மில்லிமீட்டரிலேயே நிறுத்தி, ஹெட்டின் எரியறையைக் குடைந்து பெரிதாக்கி விகிதத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதிடும் மெக்கானிக்குகளும் உண்டு. குறுகிய இடைவெளி கலவையை நடுவே பிழிந்து தள்ளி எரிதலைச் சீராக்கும் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு நல்ல ஹெட்டும், நல்ல கையும், பணமும் வேண்டும். பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடி, விடுமுறையில் கடலுக்கு இறங்கும் காருக்கு ஷிம்தான் சரி. 1.45 என்று முடிவாயிற்று.

மீதி வேலை வேகமாக நடந்தது. பிஸ்டன் தலையிலுள்ள அம்பு ஃப்ளைவீல் பக்கம் பார்க்க, ஆயில் ரிங்கின் வாய் மேல்நோக்கி இருக்க, மற்ற இரண்டின் வாய்களும் திசை விலகி நிற்க, சிலிண்டர்கள் ஏறின. ஹெட் நட்டுகள் குறித்த வரிசையில், டார்க் ரெஞ்சால். விசிறிக் கூண்டுக்குள்ளிருந்து காற்றைத் திருப்பும் மடல்களையும் தெர்மோஸ்டாட்டையும் அவர் மறக்காமல் மாட்டினார். பல பட்டறைகளில் அவற்றைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். சிலிண்டர்களுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது அந்த மடல்கள்தான் என்பதால் அந்தப் பழக்கத்தை எவ்வளவு கண்டித்தாலும் தகும்.

தலைநகரை விட்டுக் கிழக்கே போகும் நெடுஞ்சாலை முதலில் ஏறுகிறது. ரியோ ஃப்ரியோ அருகே 3,000 மீட்டரைத் தாண்டும்போது இருபுறமும் ஊசியிலைக் காடு, காரின் ஜன்னல் இடுக்கில் குளிர். புதிதாகக் கட்டிய என்ஜினை ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. கூட்டியும் குறைத்தும், மணிக்கு 80 கிலோமீட்டருக்குள், ரிங்குகள் சுவரோடு பழகும்படி ஓட்ட வேண்டும். லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்து போகின்றன. ஆசிரியை வலது ஓரத்தை விட்டு நகரவில்லை.

மலையிறங்கினால் போபோகாதெபெட்ல் எரிமலையின் கூம்பு பின்னால் தங்கிவிட, தலைநகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் புவெப்லா. ஊரின் அழகுக்குத் தலவேரா ஓட்டுச் சுவர்களும் மோலே குழம்பும் போதும். வோச்சோவில் வருகிறவர்களின் கண் மட்டும் சாலையோரத் தொழிற்சாலையைத் தேடும். 2003 ஜூலை 30 அன்று மரியாச்சி இசைக் குழு வாசிக்க, உலகின் கடைசிப் பழைய பீட்டில் அந்த ஆலையிலிருந்து வெளியே வந்தது. வரிசை எண் 2,15,29,464. அந்தக் கார் இப்போது வோல்ஃப்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே ஆலையில் பிறகு வந்த நவீன பீட்டிலும் 2019-இல் நின்றுபோனது.

நாட்டின் கலைஞர்களும் இந்தக் காரை விடவில்லை. தாமியன் ஓர்த்தேகா 2002-இல் ஒரு பீட்டிலை ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்துக் கம்பிகளில் தொங்கவிட்டு, வெடித்துச் சிதறிய ஒரு கணம்போல நிறுத்திவைத்தார். 2010-இல் விஷாரிகா பழங்குடிக் கலைஞர்கள் இருபது லட்சத்துக்கும் அதிகமான மணிகளை ஒட்டி ஒரு வோச்சோவை முழுக்கப் போர்த்தினார்கள். ஓர்த்தேகாவின் படைப்பைப் பார்த்தவர்களுக்கு ஒரு பட்டறை மேசை நினைவுக்கு வந்திருக்கும்; உறுப்புகள் பிரிந்து நிற்கும்போதுதான் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகே இருந்தன என்பது தெரிகிறது.

புவெப்லாவுக்குக் கிழக்கே நிலம் வெகுதூரம் தட்டையாகக் கிடக்கிறது. வடக்கே 5,636 மீட்டர் உயர ஓரிசாபா சிகரம், பனித் தொப்பியோடு. பிறகு மல்த்ராத்தா மலைச்சரிவு. சாலை சுமார் ஆயிரம் மீட்டர் ஒரேயடியாகக் கீழே விழுகிறது. மூடுபனி வந்துவிட்டால் முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் வழிகாட்டி.

இங்கேதான் முதல் பரீட்சை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலை மேலே உறிஞ்சப் பார்க்கும். இறங்கி முடித்து மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் ரிங்கோ வால்வு கைடோ சரியில்லை. ஓரிசாபா பள்ளத்தாக்கின் அடியில் ஆசிரியை மிதித்தார். மெல்லிய ஒரு இழை நீலம் வந்து, உடனே கலைந்தது. இன்னும் பழகாத ரிங்குகளுக்கு அவ்வளவு அனுமதிக்கலாம்.

கோர்தோபாவின் காபித் தோட்டங்களைத் தாண்டியதும் குளிர் விட்டுப்போகிறது. கரும்பு, மாமரம், வியர்வை. காரின் குரலும் மாறுகிறது. மேட்டுநிலத்தில் மூச்சு வாங்கிய என்ஜின் இப்போது தாராளமாக இழுக்கிறது. ஒரு பாலத்தின் ஏற்றத்தில் ஆசிரியை வேண்டுமென்றே நான்காம் கியரிலேயே வைத்து, முழுக்க மிதித்து, ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். தட்டல் இருந்தால் இங்கே, இந்தச் சுமையில்தான் வரும். விசிறியின் சீழ்க்கையும் டேப்பட்களின் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த 0.3 விகித வித்தியாசத்தின் பயன் அந்தப் பாலத்தின்மேல் தெரிந்தது.

வெராக்ரூஸில் மாலை. துறைமுகத்தை ஒட்டிய லா பரோக்கியா காபிக் கடையில் கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டினால் பணியாளர் சூடான பாலோடு வந்து உயரத்திலிருந்து ஊற்றுவார். அந்தக் கணகணப்பு மேசைக்கு மேசை ஓயாமல் கேட்கிறது.

மறுநாள் விடியற்காலையில், என்ஜின் முழுக்க ஆறியபின், விடுதி வாசலிலேயே வேலை நடந்தது. தலைநகரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஆகிவிட்டது; முதல் ஆயில் மாற்றத்துக்குப் பொருத்தமான நேரம். கீழ்த்தகட்டைக் கழற்றி வலைவடிகட்டியைக் கழுவியபோது அடியில் மங்கிய வெள்ளிப் பொடி கொஞ்சம் இருந்தது. புது ரிங்கு படியும்போது அவ்வளவு வருவது வழக்கம். துண்டு எதுவும் இல்லை. இரண்டரை லிட்டர் புது ஆயில். வால்வு இடைவெளி எட்டும் 0.15 மி.மீட்டருக்குத் திருத்தப்பட்டன. ஹெட் கேஸ்கட் எதுவும் இல்லாத இந்த என்ஜினில்கூட சிலிண்டர்களும் ஷிம்களும் முதல் சூட்டில் சற்றுப் படிந்து அமரும், அதனால் இரண்டில் இடைவெளி குறைந்திருந்தது. கடைசியாக ஸ்பார்க் ப்ளக்குகள். மூன்றில் பழுப்பு நிறம். மூன்றாம் சிலிண்டரின் ப்ளக் மட்டும் சற்று வெளிறியிருந்தது; கடல் மட்டக் காற்றில் கலவை காய்ந்திருப்பதன் அடையாளம் அது. பழைய என்ஜின்களில் ஆயில் கூலர் காற்றை மறைத்ததால் அதிகம் சூடானதும் இதே மூன்றாம் சிலிண்டர்தான். ஆசிரியை ஒரு படி பெரிய மெயின் ஜெட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். திரும்பும் வழியில் ஓரிசாபாவில் நிறுத்தி, மல்த்ராத்தா ஏற்றம் தொடங்குவதற்கு முன் பழைய ஜெட்டை மறுபடி வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.